நாணயம் காத்த நியூட்டன்



நியூட்டன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? ஆப்பிள். அடுத்து, முதலாம் ஆண்டு இயற்பியலில் நெட்டுருப் போட்ட மூன்று விதிகள். அதற்கும் அடுத்து, அந்த மூன்று விதிகள் புண்ணியத்தில் சிலருக்கு விழுந்த அரியர்! ஆனால் அந்த மனிதர் தன் வாழ்நாளின் கடைசி 31 வருஷத்தை எங்கே கழித்தார் தெரியுமா? காசு அடிக்கிற இடத்தில். அதிலும் முதல் சில வருஷங்கள் கள்ளக் காசு அடித்தவர்களைத் தேடிப் பிடிக்கிற வேலையில்.

இதை நான் தேடிப் படிக்கக் காரணமே ஒரு ரூபாய்க் காசுதான். எங்கள் ஹாஸ்டலில் என் அறை நண்பனுக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம். இணைய ஏலம் ஒன்றில் விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை 2,400 ரூபாய்க்கு எடுத்தான். அது அவன் அப்பா பரீட்சைக் கட்டணத்துக்கு அனுப்பிய பணம். காசு தபாலில் வந்தது; பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆனால் மேஜை மேல் போட்டால் சத்தம் சரியில்லை. கள்ளக் காசு என்று சந்தேகம் வந்ததும் அவன் முகம் செத்துப் போச்சு. மறுநாளே ஒரு யோசனையும் வந்தது. அதே படத்தைப் போட்டு, அதே ஏலத்தில் வேறு யாருக்காவது தள்ளி விட்டால் என்ன?

தப்புடா என்று சொல்ல எனக்கு வாய் வந்தது; காரணம் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் நூலகத்தில் தற்செயலாகக் கையில் கிடைத்தது நியூட்டனின் வாழ்க்கை. காரணம் அதற்குள் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். காசு என்ன ஆச்சு என்று கடைசியில் சொல்கிறேன்.

அப்பா முகம் பார்க்காத பிள்ளை

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் வுல்ஸ்தார்ப் என்று ஒரு கிராமம். அங்கே 1642-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் பிறந்தார் ஐசக் நியூட்டன். (இன்றைய நாள்காட்டிக் கணக்கில் அது 1643 ஜனவரி 4.) அப்பா விவசாயி, பிள்ளை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே இறந்து விட்டார். மூன்று வயதில் அம்மா மறுமணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட, பையனை வளர்த்தது பாட்டி.

படிப்புக்குப் பக்கத்து ஊரான கிராந்தம். தங்கியது ஒரு மருந்துக் கடைக்காரர் வீட்டில். ஒரு பக்கம் மருந்துகளும் திரவங்களும், இன்னொரு பக்கம் பையன் கையில் எப்போதும் ரம்பமும் சுத்தியலும். காற்றாலை பொம்மை, நிழற்கடிகாரம் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பானாம். நம்ம ஒர்க் ஷாப்பில் விட்டிருந்தால் வெளியே வந்திருக்க மாட்டான்!

பிறகு அம்மா, பையன் நிலத்தைப் பார்க்கட்டும் என்று படிப்பை நிறுத்தினார். பையன் புத்தகத்தில் மூழ்கிக் கிடக்க, ஆடுகள் அடுத்தவன் வயலில் மேய்ந்து, அதற்கு அபராதம் கட்டியதுதான் மிச்சம். இவன் விவசாயத்துக்குத் தேற மாட்டான் என்று ஊரே தீர்மானித்த பிறகு, 1661-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்த்தார்கள். அதுவும் எப்படி? பணக்கார மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து கட்டணத்தை ஈடுகட்டுகிற பிரிவில். கட்டணம் கட்ட முடியாமல் படித்தவர்கள் பட்டியலில் நியூட்டனும் உண்டு என்பதை நம்மில் சிலர் நெஞ்சில் குறித்துக்கொள்ளலாம்.

கண்ணாடியும் உலையும்

1665-ல் பிளேக் நோய் வந்து கல்லூரியை மூடினார்கள். கிராமத்துக்குத் திரும்பிய அந்த ஒன்றரை இரண்டு வருஷத்தில்தான் கணிதம், ஒளி, ஈர்ப்பு எல்லாவற்றுக்கும் விதை போட்டார். 1669-ல் 26 வயதில் கணிதப் பேராசிரியர். 1687-ல் பிரின்சிபியா என்ற பெரிய நூல். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேகமாகத் தாண்டி விடுவோம்.

நமக்கு வேண்டியது வேறு. 1668-ல் நியூட்டன் ஒரு பிரதிபலிப்புத் தொலைநோக்கி செய்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழாய். அதற்குள் இருந்த ஆடி கண்ணாடி இல்லை, உலோகம். செம்பையும் தகரத்தையும் உருக்கி, கொஞ்சம் ஆர்சனிக் சேர்த்து, வார்த்து, தேய்த்து, மெருகேற்றியது எல்லாம் அவரே. அதற்கான கருவிகளையும் தானே செய்துகொண்டார். ஃபவுண்டரி, ஃபிட்டிங், பாலிஷிங் மூன்றும் ஒரே ஆள்!

கல்லூரி அறைக்குப் பக்கத்தில் உலை வைத்து, ரசவாத ஆராய்ச்சி என்று பல வருஷம் இரவும் பகலும் உலோகங்களை உருக்கிக்கொண்டிருந்தார். தங்கம் கிடைக்கவில்லை. ஆனால் எந்த உலோகம் எப்படி உருகும், எதில் எது கலந்தால் நிறம் எப்படி மாறும், மேலே வெள்ளி பூசினால் உள்ளே என்ன ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் கைக்குப் பழகிப் போச்சு. வீண் என்று தோன்றிய அந்த அனுபவம் பிற்பாடு எங்கே உதவியது என்று பாருங்கள்.

ஓரம் தேய்ந்த ராஜ்யம்

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இரண்டு வகை வெள்ளிக் காசு புழங்கியது. ஒன்று பழைய சுத்தியல் காசு. தகட்டை வெட்டி, அச்சில் வைத்து, கையால் அடித்தது. வட்டம் சரியாக இருக்காது. விளிம்புக்குக் காவல் இல்லை. ஆகவே திருடர்கள் கத்தரியை எடுத்து ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு, மீதியை முழுக் காசாகவே செலவு செய்தார்கள். வெட்டிய வெள்ளியை உருக்கி விற்றார்கள். அல்லது மட்டமான உலோகம் கலந்து புதுக் கள்ளக் காசு அடித்தார்கள். 1690-களில் புழக்கத்தில் இருந்த பழைய காசுகளின் எடை, இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதிதான்.

இன்னொன்று, 1662 முதல் வந்த இயந்திரக் காசு. குதிரைகள் இழுத்த ரோலிங் மில்லில் தகட்டை ஒரே தடிமனாக்கி, வட்டமாகப் பஞ்ச் செய்து, திருகு அழுத்தியில் அச்சடித்தார்கள். ஷீட் மெட்டல் ஷாப்பில் இருக்கிற ஃப்ளை பிரஸ்ஸைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதன் பெரியண்ணன்தான் அது. விளிம்பில்தான் சூட்சுமம். பெரிய காசுகளின் ஓரத்தில் எழுத்துகள், சின்னக் காசுகளின் ஓரத்தில் நர்லிங் போட்ட மாதிரி வரிக்கோடுகள். பிளாண்டோ என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த அந்த விளிம்பு இயந்திரம் ரகசியம். வெளியே சொல்ல மாட்டேன் என்று அதில் வேலை செய்பவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். அலங்காரமும் இதுவே, பாதுகாப்பும் இதுவே என்று பொருள்படும் லத்தீன் சொற்களைத்தான் ஓரத்தில் பொறித்தார்கள். ஓரத்தை வெட்டினால் எழுத்து போய்விடும், திருட்டு தெரிந்துவிடும்.

இவ்வளவு நல்ல காசு இருந்தும் நாடு ஏன் தத்தளித்தது? முழு எடை உள்ள காசை எவன் செலவு செய்வான்? வெள்ளிக்கு வெளிநாட்டில் விலை கூட. நல்ல காசை உருக்கிக் கடல் கடத்தி விட்டார்கள். கடைத்தெருவில் மிஞ்சியது வெட்டுப்பட்டதும் கள்ளமும்தான். கூலி வாங்கினவனுக்குக் கையில் இருப்பது காசா, வெறும் தகரமா என்று தெரியாது. கடைக்காரன் வாங்க மாட்டேன் என்பான். ஏழைதான் முதலில் அடிபட்டான்.

சும்மா இருக்கச் சொன்ன வேலை

பழைய காசையெல்லாம் வாங்கி உருக்கிப் புதுசாக அடிப்பது என்று பாராளுமன்றம் முடிவு செய்தது. அதற்குப் பின்னால் நின்றவர் நிதியமைச்சர் சார்லஸ் மான்டேகு, நியூட்டனின் நண்பர். 1696-ல் லண்டன் கோட்டைக்குள் இருந்த நாணயச்சாலையின் வார்டன் பதவியை நியூட்டனுக்கு வாங்கிக் கொடுத்தார். சம்பளம் நல்ல சம்பளம். வேலை அப்படியொன்றும் அதிகம் இருக்காது, வசதிப்பட்டபோது வந்து போனால் போதும் என்கிற மாதிரியான பதவி. முன்பு இருந்தவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் படுத்திருப்பார். நியூட்டனுக்கு வயது 53. உலகப் புகழ் வந்தாயிற்று. ஆனாலும் மனுஷன் விடிகாலை நாலு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கும்போதே அங்கே நிற்பாராம். பழைய கணக்குப் புத்தகங்களையெல்லாம் புரட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை ஆள், எத்தனை நேரம் என்று அளந்தார். ஓர் அச்சு இயந்திரம் நிமிஷத்துக்கு 50 முதல் 55 காசு அடிக்கலாம் என்று கணக்கிட்டு, மற்ற வேலைகளை அதற்கு ஒத்து ஓடும்படி அமைத்தார். இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பேப்பரில் ஒர்க் ஸ்டடி என்று படிக்கிறோமே, அந்தப் பெயர் வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே அதைச் செய்து காட்டினார்! பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிட்டர், நார்விச், யார்க் என்று ஐந்து ஊரில் கிளைகள். செஸ்டர் கிளையில் துணை அதிகாரியாகப் போனவர் யார் தெரியுமா? வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலி! 1699-க்குள் 60 லட்சம் பவுண்டுக்கும் மேல் புது வெள்ளிக் காசு வெளியே வந்தது.

வேண்டாம் என்றார், ஆனால் விடவில்லை

வார்டன் பதவியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வேலையும் வந்தது. கள்ளக் காசுக்காரர்களைப் பிடித்து வழக்கு நடத்த வேண்டும். நியூட்டனுக்கு இது துளிகூடப் பிடிக்கவில்லை. இந்தப் பொறுப்பிலிருந்து என்னை விடுவியுங்கள் என்ற கருத்தில் அரசுக்கு எழுதிப் போட்டார். அரசு மறுத்துவிட்டது.

மறுத்த பிறகு என்ன செய்தார்? அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அரை மனசோடு செய்யவில்லை. லண்டனைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் நீதிபதி அதிகாரம் வாங்கிக்கொண்டார். சாராயக் கடை, சிறைச்சாலை என்று ஆள் வைத்துத் தகவல் திரட்டினார். தானும் நேரில் போய் உட்கார்ந்தார். 1698 ஜூன் தொடங்கி 1699 கிறிஸ்துமஸ் வரைக்குமே நூறு பேருக்கு மேல் விசாரித்து வாக்குமூலம் வாங்கினார். 28 பேர் மீது குற்றத்தை நிரூபித்தார்.

அவர் தேடிய முறையில்தான் விஷயம் இருக்கிறது. காசின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கள்ளம் தெரியாது. முகத்தை நன்றாகச் செய்வதுதான் கள்ளனின் முதல் வேலை. ஆகவே இந்தக் காசு எப்படிச் செய்யப்பட்டது என்று பின்னோக்கிப் போனார். அச்சு வெட்டியவன் யார்? உலோகம் வாங்கியவன் யார்? மேலே பூசியவன் யார்? விளிம்புக் கருவியை எங்கிருந்து கடத்தினான்? கடைசியில் இதைக் கடையில் மாற்றியது யார்? ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். விசாரிக்க வேண்டிய ஆளை விசாரித்துக்கொண்டே போனால், செய்முறை தானாக வெளியே வரும்.

ஆணி அடித்த கை

அப்படி ஏறிப் போனபோது எதிரே நின்ற ஆள் வில்லியம் சலோனர். நெசவாளி வீட்டுப் பிள்ளை. பர்மிங்ஹாமில் ஆணி செய்கிற பட்டறையில் தொழில் பழக அனுப்பினார்கள். சுத்தியலும் உலையும் கற்ற கை. லண்டனுக்கு வந்து மெருகுப் பூச்சு வேலையும் கற்றான். மட்டமான உலோகத்துக்கு மேல் தங்கம் பூசுவதில் கெட்டிக்காரன். கினி என்ற தங்கக் காசும், பிரெஞ்சு நாட்டுக் காசும், வெள்ளிக் காசும் அவன் கையில் உருவாயின. பணம் கொட்டியது, கனவான் வேஷம் போட்டான். 1694-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டுகளை மறு வருஷமே போலியாகச் செய்து, மாட்டிக்கொண்டதும் கூட்டாளிகளைக் காட்டிக் கொடுத்துத் தப்பினான்.

அவன் துணிச்சலைக் கேளுங்கள். 1697-ல் பாராளுமன்றக் குழு முன் போய், நாணயச்சாலைக்காரர்களுக்குத் தொழில் தெரியவில்லை, கள்ளக் காசே செய்ய முடியாதபடி விளிம்பு போட எனக்கு வழி தெரியும், உள்ளே விட்டால் செய்து காட்டுகிறேன் என்று சொன்னான்! குழுவும் அவனுக்கு வசதி செய்து கொடுக்கும்படி நியூட்டனுக்குக் கட்டளை போட்டது. நியூட்டன் அசையவில்லை. விளிம்பு இயந்திரத்தின் ரகசியம் காப்பேன் என்று செய்த சத்தியத்தைக் காட்டி, அவனை உள்ளே விட மறுத்துவிட்டார். அந்தக் கருவி மட்டும் அவன் கண்ணில் பட்டிருந்தால்?

அந்த வருஷம் நியூட்டன் அவனைச் சிறையில் போட்டார். முக்கிய சாட்சிக்குப் பணம் கொடுத்து ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டு, சில வாரத்தில் வெளியே வந்துவிட்டான் சலோனர். வந்ததோடு விடாமல், அநியாயமாகச் சிறை வைத்தார் என்று நியூட்டன் மேலேயே பாராளுமன்றத்தில் மனு போட்டான். நியூட்டன் ஆத்திரப்பட்டு அறிக்கை விடவில்லை. உட்கார்ந்து சாட்சி சேர்த்தார். அவனோடு தொழில் செய்தவர்கள், அவர்கள் மனைவிமார், சிறையில் பக்கத்தில் படுத்திருந்தவன்வரை ஒவ்வொருவராக. 1698-ல் அவன் அரசு லாட்டரிச் சீட்டையும் போலியாக அடிக்கப் போய் மறுபடி சிக்கியபோது, இந்தத் தடவை தப்ப ஓட்டை இல்லை. 1699 மார்ச்சில் விசாரணை. அதே மாதம் டைபர்னில் தூக்கு. சாவதற்கு முன் நியூட்டனுக்குக் கெஞ்சிக் கெஞ்சிக் கடிதம் எழுதினான். பதில் போகவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது நண்பர்களே. அந்தக் காலத்தில் கள்ளக் காசு ராஜத் துரோகம். ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ. இன்றைக்கு நாம் அதை நியாயம் என்று சொல்ல மாட்டோம். நியூட்டனின் கடுமையையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் என்னைக் குத்தியது வேறு. சலோனர் நம்ம ஜாதி. தொழில்நுட்பக்காரன். அச்சு, உலை, பூச்சு எல்லாம் தெரிந்தவன். உலோகத்தைக் கையால் கற்றவர் நியூட்டன். உலோகத்தைக் கையால் கற்றவன் சலோனர். இருவரும் கற்றது ஒரே வித்தைதான். அதை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதில்தான் ஒருவர் மாமேதை, இன்னொருவன் குற்றவாளி.

அளவுகோலையே அளந்தவர்

1699 முடிவில் நியூட்டன் நாணயச்சாலையின் தலைவராகவே ஆனார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். 1701-ல் கேம்பிரிட்ஜ் வேலையை விட்டார். 1703-ல் ராயல் சொசைட்டி தலைவர். 1705-ல் ஆன் ராணி சர் பட்டம் கொடுத்தார்.

காசு அடிப்பவர் நேர்மையானவரா என்று சோதிக்க அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. அடித்த காசுகளில் சிலவற்றை அவ்வப்போது ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்கள். பொற்கொல்லர்கள் குழு ஒன்று பின்னால் கூடி, அந்தக் காசுகளை நிறுத்து, உருக்கி, அரசு வைத்திருக்கும் மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்க்கும். 1710-ல் குழு ஒரு குண்டைப் போட்டது: நியூட்டன் அடித்த தங்கக் காசில் மாற்று கொஞ்சம் குறைவு! கள்ளக் காசைப் பிடித்தவர் மேலேயே மாற்றுக் குறைவென்று பழி.

நியூட்டன் என்ன செய்தார்? காசைச் சோதித்தீர்கள், சரி. ஒப்பிட்ட தகட்டைச் சோதித்தீர்களா என்று கேட்கிற மாதிரி, 1707-ல் செய்த அந்த மாதிரித் தகட்டையே ஆராய்ந்தார். தகடுதான் இருக்க வேண்டிய 22 காரட்டைவிடச் சுத்தம் கூடுதலாக இருந்தது! தகடு கூடினால் ஒழுங்கான காசும் குறைவாகத்தானே தெரியும்? அந்தத் தகட்டை ஓரங்கட்டி வைத்தார்கள். மெட்ராலஜி லேபில் வெர்னியரை எடுத்ததும் முதலில் ஜீரோ எரர் பாருங்கள் என்று நம் ஆசிரியர்கள் தொண்டை கிழியக் கத்துவது இதற்குத்தான்.

அவரும் ஏமாந்தார்

எல்லாம் தெரிந்த இந்த மனிதரும் ஒரு தடவை ஏமாந்தார். 1720-ல் தென்கடல் கம்பெனிப் பங்கு விலை ராக்கெட் மாதிரி ஏறியது. முதலில் வாங்கி நல்ல லாபத்தோடு விற்றுவிட்டார். ஊரெல்லாம் இன்னும் சம்பாதிக்கிறார்களே என்று பார்த்து, விலை உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மறுபடி பணத்தைப் போட்டார். பங்கு சரிந்தது, பெருந்தொகை போச்சு. தங்கத்தை மாற்றுப் பார்க்கத் தெரிந்தவர், கூட்டத்தோடு கூட்டமாக ஓடியபோது சோதிக்க மறந்து விட்டார்.

1727 மார்ச்சில், 84 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். பழைய சுத்தியல் காசு போய், ஓரம் காத்த காசு நாட்டில் நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1983-ல் பிரிட்டன் வெளியிட்ட ஒரு பவுண்டு காசின் விளிம்பில் அதே பழைய லத்தீன் சொற்களைப் பொறித்தார்கள். கள்ளர்கள் அதையும் விடவில்லை. 2014 வாக்கில் நூற்றுக்கு மூன்று காசு போலி என்று மதிப்பிட்டார்கள். போலியைப் பலர் கண்டுபிடித்தது எதை வைத்து? விளிம்பில் மங்கி, கோணலாக ஓடிய எழுத்தை வைத்து! 2017-ல் இரண்டு உலோகம் சேர்ந்த பன்னிரண்டு பக்கக் காசு அதற்குப் பதிலாக வந்தது.

ஹாஸ்டல் காசுக்கு வருவோம்

நியூட்டன் கதையைப் படித்த கையோடு நண்பனை மெட்ராலஜி லேபுக்கு இழுத்துக்கொண்டு போனேன். விக்டோரியா காலத்து ரூபாய் 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. அடர்த்தி கணக்குப் போட்டால் 10.3 வரும். எங்கள் காசின் விட்டம் சரியாக இருந்தது, தடிமனும் சரி. எடை மட்டும் 9.7 கிராம். புழங்கித் தேய்ந்த காசு கொஞ்சம் குறையும்தான். ஆனால் எழுத்தெல்லாம் தெளிவாக இருக்கும்போது இரண்டு கிராம் எங்கே போகும்?

நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தோம். முழு எடையுள்ள நல்ல காசாக இருந்தால் தண்ணீரில் சுமார் 1.13 கிராம் குறையும். எங்கள் காசும் அவ்வளவேதான் குறைந்தது. அளவு ஒன்றுதானே! ஆனால் 9.7-ஐ அதனால் வகுத்தால் 8.6. பித்தளைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளி பூசிய பித்தளை! கள்ளன் எடையைச் சரிக்கட்டியிருந்தால் தடிமன் கூடியிருக்கும். தடிமனைச் சரிக்கட்டினால் எடை குறையும். விட்டம், தடிமன், எடை மூன்றும் சேர்ந்தாற்போல் பொய் சொல்ல பித்தளையால் முடியாது. உருப்பெருக்கியில் விளிம்பைப் பார்த்தோம். கோடுகளுக்கு நடுவே சுற்றிலும் ஓர் ஒட்டுத் தழும்பு. மோல்டிங் ஷாப்பில் இரண்டு பெட்டி சேருமிடத்தில் விழுமே, அதே பார்ட்டிங் லைன். அழுத்தி அடித்த காசு இல்லை, வார்த்த காசு. முகத்தில் குண்டூசி முனை மாதிரிக் குழிகளும் இருந்தன.

ஒன்றை ஞாபகம் வையுங்கள். எடை தவறினால் காசு சந்தேகத்துக்குரியது. ஆனால் எடை சரியாக இருந்தால் மட்டும் நல்ல காசு ஆகிவிடாது. சரியான வெள்ளியிலேயே புது அச்சு வெட்டி அடிக்கிறவர்களும் உண்டு. தேதியில் ஓர் எண்ணை மட்டும் திருத்தி அபூர்வக் காசாக்குகிறவர்களும் உண்டு. விலை பெரிதென்றால் அனுபவப்பட்டவரிடம் காட்டத்தான் வேண்டும்.

ஏலத்தில் நமக்குக் கிடைப்பது படம் மட்டும்தானே, என்ன செய்வது? விளிம்பின் படம் கேளுங்கள். தராசில் வைத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் விலகுங்கள். ஒரே கீறல், ஒரே இடத்தில், இரண்டு மூன்று காசுகளில் இருந்தால் எல்லாம் ஒரே தாய்க் காசிலிருந்து எடுத்த வார்ப்பு என்று அர்த்தம். புழக்கத்தில் விழுந்த கீறல் ஒரு காசுக்கு இருக்கிற மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒப்பிடுவதற்காக இணையத்தில் எடுக்கிற படமே போலிக் காசின் படமாக இருக்கலாம். 1710-ஐ மறக்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் சாமி படமும் போட்டு, 1616, 1818 என்று வருஷம் குறித்த அரையணாக் காசுகள் கோடி பெறும் என்று சொல்வார்கள். அவை கம்பெனி அடித்த காசே இல்லை. பழைய காசு விற்றுத் தருகிறோம், கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

சரி, நண்பனின் காசு? அன்று இரவு அவன் செல்போனில் ஏலத்துக்கான விளம்பரத்தை முக்கால்வாசி தயாரித்து வைத்திருந்தான். சலோனர் கதையைச் சொன்னேன். கள்ளக் காசு அடித்தவன் ஒருவன். ஆனால் அது ஊருக்குள் ஓடியது, தெரிந்தே அடுத்தவன் கையில் தள்ளிய நூறு பேரால்தானே! அடுத்து வாங்கப் போகிறவனும் ஏதோ ஒரு பாலிடெக்னிக்கில், அப்பா அனுப்பிய பணத்தை வைத்துக்கொண்டு ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு விளம்பரத்தை அழித்தான்.

மறுநாள் ஃபிட்டிங் ஷாப்பில், ஸ்கிரைபரை எடுத்து ராணி முகத்துக்குக் குறுக்கே போலி என்று தமிழில் ஆழமாகக் கீறினான். அந்தக் காசு இப்போது லேபில் அடர்த்தி கண்டுபிடிக்கிற சோதனைக்குப் பயன்படுகிறது. பரீட்சைக் கட்டணத்தை அறையில் நாங்கள் நாலு பேர் பங்கு போட்டுக் கட்டினோம். மாதாமாதம் திருப்பித் தருகிறான்.

நண்பர்களே, நம் மொழியில் காசுக்கும் நாணயம் என்றுதான் பேர், நேர்மைக்கும் நாணயம் என்றுதான் பேர். நியூட்டன் தமிழ் அறியாதவர். ஆனாலும் அந்த இரண்டு அர்த்தத்தையும் சேர்த்தே காத்தார். நாளைக்கு நாம் ஏதோ ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் நிற்போம். சரியில்லாத பீஸ் ஒன்று நம் கையில் வரும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். தள்ளி விட்டால் யாருக்கும் தெரியாது. அப்போது முகத்தைப் பார்க்காமல் விளிம்பைத் தடவிப் பார்ப்போம். செய்வீர்கள்தானே?

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை